நீலியின் கண்ணீர்

பொய்யாக அழுவாரைக் கண்டால் 'நீலிக் கண்ணீர்' என்கின்றோம். இத்தொடருக்குரிய கதை தொண்டை நாட்டுப் பழையனூரில் நிகழ்ந்ததாக வழங்குவது. திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திற் சுட்டுவது இந்நிகழ்ச்சியே என அறிஞர் கொள்வர்.

கதை பலவாறு வழங்கினும் அதன் கரு ஒன்றே. கணவனாற் கொலையுண்ட பெண் பேயாகின்றாள். கணவன் மறுபிறப்பில் வணிகனாகிப் பழையனூருக்கு வருகின்றான். காவலுக்கு வாளொன்று வைத்திருக்கின்றான். நீலி கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி ஏந்தி, அவனே தன் கணவனென வேளாளர் அவையில் அழுது முறையிடுகின்றாள். அவன் மறுக்கின்றான், குழந்தையோ அவனைத் தந்தையென அணைகின்றது. எழுபது வேளாளர் அவனுயிருக்குத் தம்முயிரைப் பிணைவைத்து, வாளை வாங்கிக்கொண்டு, இருவரையும் ஓரிடத்தில் தங்குவிக்கின்றனர். இரவில் அவன் மடிகின்றான். வாய்மை தவறாத வேளாளர் தீப்பாய்கின்றனர்.

நீலியை அறியேன் என்பவன் அவளுக்கு அஞ்சுவானேன்? சிக்மண்ட் புரொய்ட் 1913இல் வெளியிட்ட 'குலமரபுச் சின்னமும் விலக்கும்' என்னும் நூலில், இறந்தோர் கொடிய ஆவிகளாகத் தோன்றுவதற்குக் காரணம், இருப்போர் தம் உள்ளத்தில் மறைத்த பகைமையை அவர்மீது ஏற்றுதலே என்றார். பழகிய பொருளே மனத்தின் அடியில் அமுக்கப்பட்டு, பின் அச்சந்தரும் அந்நியமாய் மீளும் என 1919இல் விளக்கினார். மனைவியினும் பழகியவர் யார்? கதை 'முற்பிறப்பு' என்பதை உளநூலார் 'நனவிலி' என்பர். குற்றம் மறந்தது, அச்சம் மறக்கவில்லை.

அவை கேட்ட சான்றுகளும் நோக்கத்தக்கன. கண்ணீர், நாணம், கையிற் குழந்தை என்னும் பெண்மையின் அடையாளங்களே அங்கு தீர்ப்பாயின. பெண்மை, அச்சத்தையும் பழிவாங்கலையும் விலக்கும் முகமூடியாகவும் அணியப்படலாம் என்று ஜோன் ரிவியேர் 1929இற் கூறினார். நீலி அதனை அணிந்தது பழிவாங்குதற்கே. எனினும் கொலையுண்டவளாக வந்திருப்பின் அவளை எவர் கேட்டிருப்பர்? மனைவியாக வந்தமையாலன்றோ அவை செவிசாய்த்தது! நீலகேசி பாடிய சமணப் புலவரோ, இந்நீலியையே மனந்திருந்திச் சமயவாதம் புரியும் அறிவுடையாளாக்கினார். அங்கு அவளுக்குக் கண்ணீர் வேண்டியிருக்கவில்லை.

நாட்டார் கதை தனியொருவர் கண்ட கனவன்று. உளப்பகுப்பாய்வு அதனை முழுதும் அளந்துவிடாது. வேளாளர் வாய்மையைப் போற்றுதலும் இக்கதையின் நோக்கமே. ஆயினும் ஒன்று தெளிவு. நீலியின் குழந்தை பொய்; குறை மெய். பழமொழி பின்னதை மறைத்து முன்னதையே நமக்குத் தந்தது. யானும் வகுப்பிற் பன்முறை இத்தொடரை விளக்கியுள்ளேன். முதற் கொலையை ஒருமுறையேனும் சொன்னேனல்லேன். அழும் பெண்ணை 'நீலி' என்னுமுன், அவள் அழுதற்குரிய காரணத்தை வினவுதல் நம் கடன்.