பெட்டியில் வந்த வாணம்

றொக்கற் என்ற சொல் எம்மவர் வீடுகளுக்குள் நல்ல சகுனத்தோடு நுழைந்த சொல் அல்ல. ஊரில் அது வானத்துக்குப் போகிற சாமானாக இருக்கவில்லை. வானத்திலிருந்து வருகிற சாமானாகவே இருந்தது. பல்குழல் எறிகணையின் சத்தத்தை 2009 மே மாதம் வரைக்கும் வன்னியில் இருந்தவர்களுக்கு நாம் எழுதிக் காட்டத் தேவையில்லை. ஆகவே பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை, "அப்பா, எனக்கொரு றொக்கற் வேணும், நாங்களே செய்யலாமாம்" என்று கேட்டால் எங்கள் வீடுகளில் முதலில் யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு, "அந்தச் சாமான் வீட்டுக்குள்ள வேண்டாம்" என்று ஒரு குரல் வரும். பிள்ளைக்குக் காரணம் விளங்காது. விளங்கப்படுத்தவும் எங்களுக்கு மனம் வராது.

அப்படியான வீடுகளுக்காகவே இதை எழுதுகிறோம். ஸ்காபரோவில் ஒரே தொடர்மாடியில் இருக்கும் நாலு குடும்பங்கள் நாங்கள். தகப்பன்மார் நால்வரும் தொழிற்சாலை வேலை, வெவ்வேறு சிஃப்ற். கடந்த குளிர்காலம் முழுக்க ஞாயிறு பின்னேரங்களில் கூடி, பிள்ளைகளுடன் ஒரு மாதிரி றொக்கற் செய்தோம்.

முதலில் அது என்ன என்று சொல்ல வேண்டும். ஊர்க் கோயில் திருவிழாவில் விடுகிற ஈர்க்குவாணம் எல்லோருக்கும் தெரியும். இது அதன் படித்த தம்பி. நாங்கள் எடுத்தது அமெரிக்க எஸ்ரெஸ் கம்பனியின் அல்ஃபா என்ற பெட்டி. உள்ளே மட்டையாற் செய்த ஒரு குழல், ஏறத்தாழ ஒரு அடி நீளம், இரண்டரை சென்ரிமீற்றர் விட்டம். ஒரு மூக்குக்கூம்பு, மூன்று செட்டைகளுக்கான பல்ஸா மரத்தகடு, ஒரு றப்பர் நாடா, ஒரு பிளாஸ்ரிக் பரசூற். உலோகம் என்று பார்த்தால் மோட்டாரைப் பிடித்து வைக்கும் ஒரு சின்னக் கொளுக்கி மட்டுந்தான். விழுந்தால் ஒருவருக்கும் காயம் வரக்கூடாது என்பதற்காக உடல் முழுவதும் மெல்லிய பொருளாலேயே இருக்க வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் விதி.

அந்த விதி வந்த கதை கொஞ்சம் சோகமானது. 1957 ஒக்ரோபரில் ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கை அனுப்பிய பிறகு, அமெரிக்கப் பையன்கள் வீட்டு நிலக்கீழ் அறைகளில் தீக்குச்சி மருந்தையும் வேறு இரசாயனங்களையும் இரும்புக் குழாயில் அடைத்துக் கை விரல்களையும் சிலவேளை உயிரையும் இழந்தார்கள். அதற்கு முன்பே, 1954 இல், நெப்ராஸ்கா மாநிலத்தில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓவில் கார்லைல் என்பவர் தன் சகோதரருடன் சேர்ந்து மட்டைக் குழலில் பாதுகாப்பான ஒரு சின்ன றொக்கற்றைச் செய்திருந்தார். பின்னர் வேர்னன் எஸ்ரெஸ் மோட்டார்களை அமுக்கி எடுக்க ஒரு இயந்திரம் கட்டினார். அவர் வாணவேடிக்கைத் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. ஆறு செக்கனுக்குள் ஒரு மோட்டார் வெளியே வரும் இயந்திரம் அது. லைனில் நிற்கிற எங்களுக்கு அந்தக் கணக்கின் அருமை தெரியும். மருந்தைக் கையால் தொடுகிற வேலை பிள்ளைகளிடமிருந்து போனது அதனாற்றான்.

மோட்டார் என்றால் சில்லுச் சுற்றுகிற மோட்டார் அல்ல. ஒரு விரல் பருமனில், ஏழு சென்ரிமீற்றர் நீளத்தில், இறுக்கமாகச் சுற்றிய கடதாசிக் குழல். அடியில் களிமண்ணால் ஒரு சின்னத் துவாரம். அதற்கு மேல் வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கருமருந்து. இது ஒரு செக்கனுக்குள் எரிந்து தள்ளிவிடும். அதற்கு மேல் மெதுவாக எரிகிற, தள்ளாத மருந்து. புகை மட்டும் விடும். அந்த நேரத்தில் றொக்கற் தன் வேகத்திலேயே ஏறிக்கொண்டிருக்கும். கடைசியில் ஒரு சிட்டிகை மருந்து மேல்நோக்கி வெடித்து, மூக்கைக் கழற்றிப் பரசூற்றை வெளியே தள்ளும். மோட்டாரின் மேல் ஏ8-3 என்று எழுதியிருந்தால், ஏ என்பது மொத்த வலு, 8 என்பது சராசரித் தள்ளுவிசை நியூட்டனில், 3 என்பது பரசூற் வருவதற்கு முன் காத்திருக்கும் செக்கன். எழுத்து ஒவ்வொன்றும் முன்னதிலும் இரண்டு மடங்கு வரை போகும். சி எழுத்து மோட்டார் போட்டால் இந்தச் சின்னக் கூடு 300 மீற்றர் வரை ஏறக்கூடியது. நாங்கள் ஏ உடன் நிறுத்திக்கொண்டோம். தொலைந்தால் தேடப் போவது நாங்கள்தானே.

பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாள் முழுக்க ஆங்கிலம். பிள்ளைகள் வாசித்தார்கள், நாங்கள் கேட்டோம். இந்த நாட்டில் எங்கள் வீடுகளில் வழமை இதுதான். வாடகைக் கடிதமோ மருந்துப் போத்தலோ, பிள்ளை வாசிக்கத் தகப்பன் தலையாட்டுவார். ஆனால் அரத்தாளைக் கையில் எடுத்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பல்ஸாத் தகட்டை எந்தப் பக்கமாக வெட்டுவது என்று தாளில் ஒரு படமும் ஒரு வசனமும் இருந்தன. மரத்தின் நார் செட்டையின் முன்விளிம்போடு ஒத்துப் போக வேண்டும், குறுக்கே போனால் முதல் விழுகையிலேயே முறியும். அதைப் பிள்ளை வாசித்து முடிக்க முன்னரே, ஊரில் தச்சுவேலை பழகிய தகப்பன் தகட்டைத் திருப்பி வைத்துவிட்டார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மகள் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க அவருடைய முகம் நன்றாக இருந்தது.

பெட்டியில் உள்ளபடியே செய்திருந்தால் இரண்டு ஞாயிறில் முடிந்திருக்கும். பிள்ளைகள் தங்களுடைய றொக்கற் கடையில் உள்ளது போல இருக்கக்கூடாது என்றார்கள். செட்டைகளைப் பிராந்துப் பட்டத்தின் வால் போல அகட்டி வெட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் தெரியும். பிள்ளைகளுக்கு நாங்கள் கடதாசியில் கீறிக் காட்டினோம்.

செட்டையை மாற்றினால் சமநிலை மாறும். பட்டத்துக்கு முச்சை சரியில்லாவிட்டால் அது குத்துக்கரணம் அடிக்கும். றொக்கற்றுக்கும் அதே நியாயம், ஆனால் இங்கே நூல் இல்லை. எல்லாப் பாரமும் சேர்ந்து ஒரு புள்ளியில் நிற்கும்; காற்று தள்ளுகிற விசை எல்லாம் சேர்ந்து இன்னொரு புள்ளியில் நிற்கும். பாரப்புள்ளி மூக்குப் பக்கமாக, காற்றுப்புள்ளியிலும் பார்க்கக் குறைந்தது ஒரு குழல் விட்டமளவு முன்னுக்கு இருக்க வேண்டும். அகன்ற செட்டை காற்றுப்புள்ளியைப் பின்னுக்கு இழுக்கும், அது நல்லது. ஆனால் மரமும் பசையும் பெயின்ற்றும் வாலில் பாரத்தைக் கூட்டும், அது கூடாது. இதைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மோட்டாரும் பரசூற்றும் உள்ளே இருக்க, பாரப்புள்ளியில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் வட்டமாகச் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னுக்குப் போனால் சரி, பக்கவாட்டில் அலைந்தால் சரியில்லை. கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில் சுழற்றினோம். கொஞ்சம் அலைந்தது. மூக்கின் அடியில் சுண்டங்காய் அளவு களிமண் வைத்த பிறகு நேராக ஓடியது.

விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கணக்கோ என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இதே சமநிலைக் கேள்வியை இதே ஊரிலே பெரிய பொறியியலாளர்களும் கேட்டார்கள். பியர்சன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மால்ரன் என்ற இடத்தில் அவ்ரோ கம்பனி 1950களில் ஏரோ என்ற போர்விமானத்தைக் கட்டியது. அது வானத்தில் நிலையாக நிற்குமா என்று அறிய, விமானத்தின் எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரிகளைச் செய்து, 1954 முதல் 1957 வரை நைக்கி என்ற றொக்கற்றின் தலையில் ஏற்றி, பிக்ரன் நகருக்குத் தெற்கே பொயின்ற் பீற்றரில் இருந்து ஒன்ராறியோ ஏரிக்கு மேலாக ஏவினார்கள். அங்கு ஏவப்பட்ட ஒன்பது மாதிரிகளும் ஏரிக்குள்ளே போயின. பரசூற் இல்லை. 2017 இல் தேடியவர்கள் ஏரியின் அடியில் அந்தச் சோதனைகளில் விட்ட ஒன்றைக் கண்டு, அடுத்த ஆண்டு மேலே எடுத்தார்கள்.

மாதிரிகள் சரியாகத்தான் சொல்லியிருந்தன. விமானம் 1958 மார்ச் 25 இல் பறந்தது. ஆனால் 1959 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, அரசாங்கம் முழுத் திட்டத்தையும் நிறுத்தியது. ஏறத்தாழ 14,000 தொழிலாளர்கள் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எங்களில் இருவர் இன்று மால்ரன் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நிற்கிறவர்கள். லே ஓஃப் என்றால் என்ன என்று அவர்களுக்குப் படித்து அறிய வேண்டியதில்லை. வேலை இழந்த பொறியியலாளர்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் நாசாவுக்குப் போய், அமெரிக்கர்கள் சந்திரனுக்குப் போகிற வேலையில் பெரிய பங்கெடுத்தார்கள்.

நைக்கிக்கு எங்கள் பக்கத்திலும் ஒரு உறவு உண்டு. 1963 நவம்பர் 21 இல், கேரளக் கடற்கரையில் தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து இந்தியாவில் ஏவிய முதல் ஆராய்ச்சி றொக்கற்றின் கீழ்ப்பகுதியும் நைக்கிதான். மாதா கோயிலில் கந்தோர், சைக்கிளில் சாமான் ஏற்றி இறக்கல். அங்கு வேலை செய்த இளைஞர்களில் ஒருவர் அப்துல் கலாம், மன்னாருக்கு எதிர்க்கரையில் இருக்கும் இராமேஸ்வரத்துப் பிள்ளை. இதைக் கேட்ட எங்கள் பிள்ளைகள் வரைபடத்தில் இரண்டு கரைகளையும் விரலால் அளந்து பார்த்தார்கள்.

இனி பூச்சு வேலை. இதில்தான் மூன்று மாதம் போனது, போனதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. எங்களில் ஒருவர் கார் உதிரிப்பாகங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் லைனில் வேலை. அதுவரை பேசாமல் ஒரு மூலையில் இருந்தவர், இந்தக் கட்டத்தில் பொறுப்பை எடுத்துக்கொண்டார். செட்டையும் குழலும் சேரும் மூலைகளில், சுவரும் நிலமும் சேரும் இடத்தில் சீமெந்து வளைத்துப் பூசுவது போல, மரப்பசையை விரலால் வளைத்துப் பூசச் செய்தார். அது பலத்துக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது. மட்டைக் குழலில் புரிபோல ஓடும் வரியையும் பல்ஸாவின் நார்த் துவாரங்களையும் மரப்புட்டி பூசி அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, மீண்டும் பூசி, மீண்டும் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னார். "கண் பொய் சொல்லும், விரல் சொல்லாது" என்பது அவருடைய பேச்சு.

ஸ்பிறே அடிக்க ஏப்ரல் கடைசி வரை காத்திருந்தோம். குளிரில் பெயின்ற் ஒழுங்காக ஒட்டாது, தொடர்மாடி பல்கனியில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரரின் கதிரையில் போய்ப் படியும். வெளியே, காற்றில்லாத ஒரு காலையில், ஒரு அடி தூரத்தில் பிடித்து, றொக்கற்றுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற மாதிரி, மெல்லியதாக மூன்று தரம். முதலில் அடிப்பூச்சு, பிறகு முழுக்க வெள்ளை. என்ன நிறம் என்ற பேச்சு வந்தபோது சிவப்பும் மஞ்சளும் என்று ஒருவர் சொன்னார், வேண்டாம் என்று இன்னொருவர் சொன்னார். அதைப் பற்றி நாங்கள் மேலே பேசவில்லை. கோயில் மதிலில் அடிப்பது போல வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடிக்கலாம் என்று கடைக்குட்டி சொல்லவும் எல்லோருக்கும் ஆறுதல். பட்டையின் விளிம்பு நேராக வருவதற்கு லைன்காரர் ஒரு வித்தை காட்டினார். ரேப் ஒட்டிய பின் அதன் விளிம்பில் முதலில் வெள்ளையையே ஒருமுறை அடிக்க வேண்டும். ரேப்பின் கீழே கசிகிறது வெள்ளையாகவே கசிந்து அடைத்துவிடும். அதற்கு மேல் காவி அடித்தால் கத்தியால் வெட்டிய மாதிரி வரும். வந்தது.

எங்கே விடுவது என்பது முக்கியம். ரொறன்ரோ நகரசபைப் பூங்காக்களில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இவற்றை விடக்கூடாது. மோட்டார்கள் கனடாவின் வெடிபொருள் சட்டத்துக்குள் வருபவை. அனுமதி பெற்ற மோட்டார்களைக் கடையில் மட்டும் வாங்குங்கள், ஒருபோதும் நீங்களாகச் செய்ய வேண்டாம், விமானப் பயணப் பெட்டிக்குள் வைக்கவும் வேண்டாம். வழக்கு விசாரணை முடியாமல் இருக்கும் குடும்பங்கள் பயப்படுவது எங்களுக்கு விளங்கும். விதிப்படி வாங்கி, அனுமதி பெற்ற இடத்தில் விட்டால் இது களவான வேலை அல்ல. இந்தப் பொழுதுபோக்குக்காரருக்கென்று கனடிய றொக்கற் சங்கம் ஒன்று இருக்கிறது, ஆரம்பகாரர் அவர்களோடு சேர்ந்து விடுவது புத்தி. நாங்கள் நகருக்கு வடக்கே, சோயா விதைக்க முன் வெறுமையாகக் கிடந்த ஒரு தோட்டத்தில், தோட்டக்காரரின் சம்மதத்தோடு மே நடுப்பகுதியில் விட்டோம்.

நெருப்புக்குச்சி வைப்பதில்லை. மோட்டாரின் துவாரத்தில் ஒரு மெல்லிய கம்பி, அதிலிருந்து ஐந்து மீற்றர் வயர், முடிவில் பற்றரியும் பொத்தானும். பத்தாவிட்டால் ஒரு நிமிடம் கழியும் வரை கிட்டப் போகக்கூடாது. பரசூற்றுக்குப் பவுடர் போட்டு மடித்து, கீழே தீப்பிடிக்காத கடதாசி அடைத்தோம். பிள்ளைகள் ஐந்திலிருந்து தமிழில் கீழ்நோக்கி எண்ணினார்கள்.

பெயின்ற் அடித்தவர் காருக்குள் இருந்தார், கண்ணாடியை மேலே ஏற்றியபடி. அவர் வன்னியில் கடைசிவரை இருந்தவர். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. முதற்தரம் ஸ்ஸ் என்று சீறிப் போனது, சின்னதாக ஒரு டப், வெள்ளைப் பரசூற் விரிந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள், காற்று அதை வேலிப்பக்கம் கொண்டுபோக, எங்கே போனது என்று தெரியாமல் நின்றார்கள். அப்போது கார்க் கதவு திறந்தது. "அந்த ஒற்றை மரத்துக்கு இடப்பக்கம், இருபது அடி தள்ளி" என்றார். அங்கேதான் கிடந்தது. வானத்திலிருந்து விழுவது எங்கே விழும் என்று கணக்குப் பார்க்க அவரைப் போல ஆளில்லை. மற்ற இரண்டு தரமும் அவர் வெளியிலேயே நின்றார். மூன்றாவது தரம் பொத்தானை அவருடைய மகன் அழுத்தினான்.

அந்தக் கடைசிப் பறப்பில் ஒரு செட்டையின் நுனி முறிந்தது. ஒட்டி, மீண்டும் தேய்த்து, காவிப் பட்டையைச் சரிப்படுத்த வேண்டும். சோயா வெட்டிய பிறகு, ஒக்ரோபரில் வரலாம் என்று தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார். சேர விரும்பும் குடும்பங்கள் ஞாயிறு பின்னேரம் எங்கள் கட்டிடத்துக்கு வரலாம், அரத்தாள் மட்டும் கொண்டு வாருங்கள்.