கருவைக் கட்டுவோர் காணும் பிழை

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் உலகுக்கு அறிவித்தார். அம்முறைமையின் நடுவே நின்று, கணினியின் உறுப்புகளையும் அதில் இயங்கும் நிரல்களையும் ஆள்வது கரு, அதாவது கேர்ணல், எனப்படும். 3 கோடி வரிகளுக்கும் மிகுந்த அதன் மூலநிரலை எவரும் பெறலாம். பெற்றுத் தம் கணினியிலேயே இயந்திர மொழிக்கு மாற்றவும் செய்யலாம். ஆர்வம் மிக்க இளைஞர் இதனைக் கருவைக் கட்டுதல் என்பர். நெடுநேரம் உழைத்த கணினி, ஈற்றில் ‘பிழை 2’ என்று எழுதி நின்றுவிடுகிறது. புதியவர் அச்சொல்லுக்கே பொருள் தேடி அலைவர். அங்கேதான் வழி தவறுகிறது.

கட்டும் வேலையை நடத்துவது ‘மேக்’ என்னும் நிரல். அது ஒவ்வோர் உட்பிரிவுக்கும் தன்னையே மீண்டும் ஏவி வேலை வாங்குகிறது. கீழே ஒன்று தவறினால் அதனை ஏவியது மேலிடத்துக்கு அறிவிக்கும். மேலிடம் அதற்கும் மேலே அறிவிக்கும். நாம் திரையின் அடியிற் காண்பது இறுதி அறிவிப்பேயாம். கிராம உத்தியோகத்தர் நேரிற் கண்டது யாதென்பது கச்சேரியிலிருந்து வரும் கடைசிக் கடிதத்தில் இராது அல்லவா?

மேலும், விரைவு கருதிப் பல பணிகளை ஒருங்கே ஓடவிடுவது வழக்கம். ஒன்று முறிந்த பின்னும், தொடங்கிய ஏனையவை தத்தம் செய்திகளை எழுதிக்கொண்டே இருக்கும். மெய்யான பிழை அவற்றின் மேலே எங்கோ புதைந்துவிடும். ஆதலின், நேயர்களே, பணிகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துக் கட்டளையை மறுபடியும் இடுங்கள். முன்னர் முடிந்த பகுதிகளை மேக் மீண்டும் கட்டுவதில்லை. எனவே தவறிய இடத்துக்கு விரைவிலே வந்து, அங்கேயே நிற்கும். அப்பொழுது தோன்றும் முதற் பிழையைப் படிக்க வேண்டும்.

அது பெரும்பாலும் எளிய குறையாகவே இருக்கும். 127 என்னும் எண் வந்தால், வேண்டிய கருவியொன்று கணினியில் இல்லை என்பது பொருள். பிளெக்ஸ், பைசன் முதலியவற்றை நிறுவ மறந்தோர் பலர். தொகுப்பான் கொல்லப்பட்டது என்னும் செய்தி வந்தால், நினைவகம் போதவில்லை என்று ஐயுறுக. உபுண்டுவின் அமைவுக் கோப்பை நகலெடுத்துக் கட்டுவோர்க்கு வேறோர் இடறல் உண்டு. உபுண்டு ஆக்கியோரின் சான்றிதழ்க் கோப்பொன்றின் பெயர் அதிலே குறிக்கப்பட்டிருக்கும். பொது மூலநிரலிலோ அக்கோப்பு இல்லை. மேற்கோட் குறிகளை விட்டு, உள்ளிருக்கும் பெயரை மட்டும் அழித்தால் தடை நீங்கும்.

சலிப்புற்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்குவோரும் உளர். ‘மேக் கிளீன்’ என்னும் கட்டளை கட்டிய பகுதிகளை அழிக்கும். ‘மேக் எம்ஆர்புரொப்பர்’ அமைவுக் கோப்பையும் சேர்த்தே அழித்துவிடும். பல மணி நேரம் ஆய்ந்து குறித்த தெரிவுகள் யாவும் அதனோடு போகும். அக்கோப்பின் நகலொன்றை வேறிடத்தில் வையாது அதனை இடுதல் ஆகாது.

கட்டும் வேலை எத்தனை முறை முறிந்தாலும், இயங்கிக்கொண்டிருக்கும் கணினிக்கு ஊறில்லை. பழைய கரு தன் இடத்திலேயே இருக்கிறது. புதியதை நிறுவும்போதும் பழையதை நீக்காதிருங்கள். புதியது எழ மறுத்தால், கணினி தொடங்கும் வேளையில் தோன்றும் பட்டியலிற் பழையதைத் தெரிந்து மீளலாம்.