பழைய காரின் எஞ்சினுக்கு ஒரு குளியல்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்திலுள்ள அய்யனார் கோவிலுக்குப் போனால், ஓடையிலிருந்து ஒரு சீசா நீர் எடுத்து வாருங்கள். இன்னொரு சீசாவில் சமவெளியின் உப்புக் கிணற்று நீரை எடுங்கள். இரண்டிலும் குளியல் சோப்பைச் சிறிது சீவிப் போட்டுக் குலுக்குங்கள். ஓடை நீரில் நுரை பொங்கும். கிணற்று நீரிலோ நுரை எழாது. வெள்ளைத் திரிதிரியாக ஏதோ மிதக்கும்.

காரணம் என்ன? மலைமீது பெய்யும் மழை, எளிதில் கரையாத கடும்பாறைகளின்மேல் விரைந்து ஓடி வருகிறது. ஆகவே அது மென்னீர். கிணற்று நீரோ மண்ணுக்குள் நெடுநாள் தங்கி, கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. அது கடின நீர்.

இதற்கும் பழைய காருக்கும் என்ன தொடர்பு? பார்ப்போம்.

எஞ்சினுக்குள் ஒரு சுண்ணாம்புப் பாறை

1957 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரான அம்பாசடர் காரை அறிவீர்கள். அதில் நெடுங்காலம் பொருத்தப்பட்டது 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். அதன் பிளாக் வார்ப்பிரும்பாலானது. நான்கு சிலிண்டர்களையும் சுற்றி, பிளாக்குக்குள்ளேயே நீர் ஓடும் அறைகள் உண்டு. பெட்ரோல் எரியும்போது தீச்சுடரின் வெப்பம் 2000 டிகிரி செல்சியசைத் தாண்டும். வார்ப்பிரும்போ 1200 டிகிரிக்குள் உருகிவிடும். சிலிண்டர் உருகாமல் காப்பது இந்த நீரோட்டமே.

ரேடியேட்டரில் ஆண்டுக்கணக்கில் கடின நீரை ஊற்றினால் என்ன ஆகும்? நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காண்கிறோமே, அதே வெண்படிவம்தான். விருதுநகர் மாவட்டத்தில் ராமசாமி ராஜா நகர் சிமெண்ட் ஆலைக்கு மூலப்பொருளான சுண்ணாம்புக்கல்லும் இதே பொருளே! வெப்பத்தைக் கடத்தும் திறனில் இது வார்ப்பிரும்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான். ஆகவே எஞ்சின் சூடேறும், பிஸ்டன் இறுகும், சிலிண்டர் கீறும்.

அழுக்குக்கு ஏற்ற மருந்து

எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது பிளாக்கில் மூவகை அழுக்கைக் காணலாம்: எண்ணெய்ப் பிசுக்கு, உப்புப் படிவம், துரு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

எண்ணெய்ப் பிசுக்கைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசல் போக்கும். அது இரும்பைத் தொடாது. ஆனால் அலுமினியத்தைக் கரைத்துவிடும். எனவே பிஸ்டன், பேரிங் போன்றவற்றை முன்பே கழற்றிவிட வேண்டும். தோலையும் கண்ணையும் அது எரித்துவிடும். ஆதலால் இது பட்டறைக்காரரின் வேலை, வீட்டில் வேண்டாம்.

உப்புப் படிவத்துக்குத் தேவை அமிலம். வெந்நீர்ப் பாத்திரத்துப் படிவத்தில் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள், நுரைத்துக் கரையும். வெளிவருவது கார்பன்-டை-ஆக்சைடு. பிளாக்குக்கும் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். பக்கவாட்டிலுள்ள வட்டத் தகட்டு அடைப்பான்களைக் கழற்றினால்தான் நீரறையின் அடியில் தேங்கிய சேறு வெளியே வரும். அமிலத்தை அதிக நேரம் விட்டால் இரும்பையும் அரிக்கும் என்பதை மறக்கக்கூடாது.

துருவை மின்சாரத்தாலும் போக்கலாம். சலவைச் சோடாக் கரைசலில் பிளாக்கை அமிழ்த்தி, பாட்டரியின் எதிர்முனையை அதனுடனும், நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டுடனும் இணைக்கிறார்கள். துரு நெகிழ்ந்து உதிர்கிறது. அப்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும்; அருகில் நெருப்பு கூடாது. தகடு எவர்சில்வராக இருந்தால் நச்சான குரோமியம் சேர்மம் உண்டாகும், அதுவும் கூடாது.

வெள்ளைத் துணிச் சோதனை

சிலிண்டரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத கல்துகள்கள் நுண்ணிய கீறல்களில் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெயால் துடைத்தால் அவை முழுவதும் போகா. சோப்பும் வெந்நீரும் கொண்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் மென்னீருக்கு இங்கேதான் வேலை! எண்ணெய் ஓடும் குறுந்துளைகளையும் நீண்ட பிரஷ்ஷால் கழுவ வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கவேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடியும் கழுவுங்கள். இதில் சோம்பினால், மிஞ்சிய துகள்கள் புதிய பிஸ்டன் வளையங்களை அரம்போல் ராவிவிடும். அத்தனை செலவும் வீண்.

கழுவிய இரும்பு சில நிமிடங்களிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். உடனே உலர்த்தி எண்ணெய் பூசவேண்டும்.

அப்படியானால் இனி ரேடியேட்டரில் ஓடை நீரை ஊற்றினால் போதுமா? போதாது. மென்னீர் படிவைத் தராது. ஆனால் துருவைத் தடுக்காது. வாலைநீருடன் துருத் தடுப்பான் கலந்த கூலண்ட்டைச் சேர்ப்பதே முறை.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பிளாக்கையோ வண்டியையோ ஓடையில் இறக்கிக் கழுவாதீர்கள். அந்த மலைநீர் ராஜபாளையத்து மக்களின் குடிநீருக்கு ஆதாரம். எஞ்சினின் அழுக்கை நீக்குவது அறிவு. அதை ஊராரின் குடத்தில் சேர்க்காதிருப்பது அதனினும் பெரிய அறிவு.