ஐடஹோவின் 12, நியூஜெர்சியின் 11

2008 பிப்ரவரி 5. அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய ஒரே நாளில் 22 மாநிலங்களில் உட்கட்சித் தேர்தல். நியூஜெர்சியில் 11 லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். நியூயார்க் செனட்டர் அங்கே சுமார் பத்து சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்கு அவர் பக்கம் 59 பிரதிநிதிகள், எதிராளிக்கு 48. கழித்துப் பார்த்தால் கைக்கு வந்த லாபம் 11. அதே இரவு, உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோ மாநிலத்தில் சுமார் 21,000 பேர் ‘காக்கஸ்’ எனப்படும் உட்கட்சிக் கூட்டங்களுக்கு வந்தார்கள். இல்லினாய் செனட்டருக்கு அவர்களில் ஐந்தில் நான்கு பேரின் ஆதரவு. பிரதிநிதிகள் 15-க்கு 3. லாபம் 12. லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நின்ற மாநிலத்தைவிட, ஒரு கால்பந்து மைதானத்துக்குள் அடங்கிவிடக்கூடிய கூட்டம் கூடுதலாகக் கொடுத்துவிட்டது. ஐடஹோவில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவர்கூடக் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பின வேட்பாளர் ஒருவரின் வெற்றிக்கான அஸ்திவாரக் கல் ஒன்று விழுந்த இடம் அது.

அந்த வருடம் முழுக்கத் தொலைக்காட்சித் திரைகளில் ஓடியது வேறு கணக்கு. வெள்ளையர் எத்தனை சதவீதம், கறுப்பினத்தவர் எத்தனை சதவீதம், லத்தீனோக்கள் யார் பக்கம், கல்லூரிப் படி ஏறாத வெள்ளை ஆண்கள் யார் பக்கம் என்று வண்ண வண்ணப் பட்டைகள். போட்டியாளர்களின் பெயர்கள் வாசகர்களுக்குத் தெரிந்தவைதான். இந்தக் கட்டுரைக்கு ஆட்களைவிடக் கணக்கு முக்கியம். என் வாதம் இதுதான்: அந்தப் போட்டியில் இனம் இருந்தது, ஆழமாகவே இருந்தது. ஆனால், அது எவ்வளவு எடை பெறும் என்பதை வாக்காளரின் தோலும் கருத்துக்கணிப்பாளரின் பட்டையும் தீர்மானிக்கவில்லை. பிரதிநிதிகளைப் பிரித்துக் கொடுக்கும் விதி தீர்மானித்தது. அந்த விதியைப் படிக்காமல் இனத்தைப் பற்றி மட்டும் பேசியவர்கள் மே மாதம் வரை முடிவைத் தவறவிட்டார்கள்.

ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் தொகுதி முழுசாக நமக்கே என்று பழகியவர்களுக்கு, விகிதாசாரமாகப் பிரிக்கும் இந்த விதி கொஞ்சம் விசித்திரமாகப்படும். ஒரு தொகுதிக்கு நான்கு பிரதிநிதிகள், களத்தில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 60 சதவீதம், மற்றவருக்கு 40. அமோக வெற்றி என்று செய்தி வரும். பிரதிநிதிகள்? ஆளுக்கு இரண்டு. மூன்றாவது பிரதிநிதியைப் பிடிக்க 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். பக்கத்துத் தொகுதிக்கு மூன்றே பிரதிநிதிகள் என்றால், அங்கே 51 சதவீதம் போதும், 2-க்கு 1. நேராகச் சொன்னால்: மூன்று, ஐந்து, ஏழு என்று வரும் தொகுதியில் நூலிழையில் ஜெயித்தாலும் லாபம், நான்கு, ஆறு என்று வரும் தொகுதியில் நன்றாக ஜெயித்தாலும் சமம். இதோடு, 15 சதவீதத்துக்குக் கீழே போனவருக்கு எதுவும் கிடையாது. ஆக, எங்கே ஜெயிக்கிறோம் என்பதைப் போலவே, எங்கே எவ்வளவு குறைவாகத் தோற்கிறோம் என்பதும் காசாகும். ஏப்ரல் 22 அன்று பென்சில்வேனியாவில் நியூயார்க் செனட்டர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாடே அதைப் பேசியது. பிரதிநிதிகள் 85-க்கு 73. லாபம் 12. ஐடஹோவில் எதிராளிக்குக் கிடைத்த அதே 12.

கருத்துக்கணிப்புகளுக்கு வருவோம். ஜனவரி 8, நியூ ஹாம்ப்ஷயர். அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் வெள்ளையர் அன்று தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் வாழ்ந்த அயோவாவில் இல்லினாய் செனட்டர் ஜெயித்திருந்தார். கணிப்புகள் அவருக்கு ஏழெட்டு சதவீதம் முன்னிலை கொடுத்தன. முடிவில் மூன்று சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் அவர் தோற்றார். உடனே கிளம்பியது ‘பிராட்லி விளைவு’ என்ற பழைய பேய். 1982-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின மேயர் கணிப்புகளில் முன்னால் நின்று வாக்கில் தோற்றதிலிருந்து அதற்கு அந்தப் பெயர்: கணிப்பாளரிடம் கறுப்பினத்தவருக்கு என்று சொல்லிவிட்டு, திரைக்குப் பின்னால் வெள்ளையருக்குக் குத்துகிறார்கள் என்பது அதன் சாரம். கேட்க நன்றாயிருக்கும் விளக்கம். ஆனால் 18 நாள் கழித்து, தெற்கு கரோலினாவில், கணிப்புகள் எதிர்த்திசையில் சறுக்கின. பன்னிரண்டு சதவீதம் வாக்கில் முன்னிலை என்றார்கள். 29 சதவீத வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். பேய் அங்கே எங்கே போனது? நியூ ஹாம்ப்ஷயர் சறுக்கலைப் பின்னர் ஆராய்ந்த நிபுணர் குழு கடைசி நேரத்தில் மனம் முடிவு செய்தவர்கள், தொலைபேசியில் எளிதில் சிக்காதவர்கள் போன்ற சாதாரணக் காரணங்களையே முன்வைத்தது. அந்த இரவின் இன்னொரு கணக்கு யாருக்கும் பரபரப்பாகத் தெரியவில்லை: நியூ ஹாம்ப்ஷயரில் இருவருக்கும் கிடைத்த பிரதிநிதிகள் 9, 9.

இனவாரிக் கணிப்பில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. மாநில அளவில் 500 பேரைக் கேட்கிறார்கள் என்றால், அதில் கறுப்பினத்தவர் 100 பேர் இருக்கலாம். மொத்தக் கணிப்பின் பிழை வரம்பு நான்கு சதவீதத்தை ஒட்டி நிற்கும். அந்த 100 பேரை மட்டும் தனியே எடுத்துப் பேசினால் வரம்பு பத்து சதவீதத்தைத் தொடும். அடிக்குறிப்பில் போடுவது முதல் எண். தலைப்புச் செய்தியாவது இரண்டாவது. ‘கறுப்பின ஆதரவு ஒரே வாரத்தில் எட்டுப் புள்ளி உயர்வு’ என்பது நிஜமான நகர்வாகவும் இருக்கலாம், நூறு பேரைக் கேட்டதால் வந்த ஆட்டமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய அந்தக் கணிப்பாலேயே முடியாது.

விதி இனத்துக்கு எப்படி எடை போடுகிறது என்று பார்க்க டெக்சாஸைவிட நல்ல உதாரணம் இல்லை. மார்ச் 4 அன்று அங்கே வாக்குப்பெட்டியில் நியூயார்க் செனட்டர் 51-க்கு 47 என்று ஜெயித்தார். அந்த வகையில் அவருக்கு 65 பிரதிநிதிகள், எதிராளிக்கு 61. பகலில் வாக்களித்தவர்கள் மாலையில் மறுபடி வந்து காக்கஸில் உட்காரலாம் என்பது அந்த மாநிலத்தின் அன்றைய வழக்கம். அதில் 38-க்கு 29 என்று இல்லினாய் செனட்டர் முந்தினார். கூட்டிப் பாருங்கள்: வாக்கில் தோற்றவருக்கு 99, வென்றவருக்கு 94. காக்கஸ் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். முந்தைய தேர்தல்களில் எந்தத் தொகுதி கட்சிக்கு அதிக வாக்கு போட்டதோ, அதற்கு அதிகப் பிரதிநிதிகள் என்பது விதி. அதன்படி ஹூஸ்டனில் கறுப்பினத்தவர் நிறைந்த தொகுதிக்கு 7, மெக்சிகோ எல்லையோரம் லத்தீனோக்கள் நிறைந்த தொகுதிகளுக்கு 3 அல்லது 4. கறுப்பினத்தவர் பல ஆண்டுகளாகக் கட்சிக்காக வரிசையில் நின்றதற்கான வட்டி 2008-இல் வந்து சேர்ந்தது. இதே டெக்சாஸில் 1944 வரை ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிக்கவே முடியாது. வெள்ளையருக்கு மட்டுமான அந்தத் தேர்தலை உச்ச நீதிமன்றம்தான் ஒழித்தது.

இந்த விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. 1964-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கட்சி மாநாட்டுக்கு மிசிசிப்பியிலிருந்து இரண்டு குழுக்கள் வந்தன. ஒன்று வெள்ளையர் மட்டுமே உள்ள அதிகாரபூர்வக் குழு. இன்னொன்று, வாக்குரிமை மறுக்கப்பட்ட கறுப்பினத்தவர் தாங்களே கட்டிய குழு. அவர்களுக்குச் சமரசமாக நீட்டப்பட்டது இரண்டே இரண்டு இருக்கைகள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருடம் கழித்து, 1984-இல், ஒரு கறுப்பினப் பாதிரியார் அதிபர் வேட்பாளராக நின்று சுமார் 18 சதவீத வாக்கு வாங்கினார். பிரதிநிதிகளில் அந்த விகிதம் கிடைக்கவில்லை. பிரதிநிதி பெறத் தேவையான உயர்ந்த வாக்கு வரம்பும், முதலில் வந்தவருக்குச் சலுகை தரும் விதிகளும் குறுக்கே நின்றன. 1988-இல் மறுபடி நின்று சுமார் 29 சதவீதம் வாங்கியபின் அவர் தரப்பு கட்சியிடம் கேட்டது பதவி மட்டும் இல்லை, விதி மாற்றமும்தான். முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற மிச்சசொச்ச ஏற்பாடுகள் போய், எல்லா மாநிலங்களிலும் விகிதாசாரம் வந்தது. 2008-இல் கலிபோர்னியாவில் தோற்றும் 166 பிரதிநிதிகளை இல்லினாய் செனட்டர் எடுத்துக்கொண்டு போனது அந்த மாற்றத்தால்தான். பழைய விதி இருந்திருந்தால், பெரிய மாநிலங்களில் பெரும்பாலானவற்றை வென்ற எதிராளிதான் முன்னால் நின்றிருப்பார்.

இனத்தை இப்படிக் குறைத்துப் பேசலாமா என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் பத்தில் ஒன்பது பேர் ஒரு பக்கம், வெள்ளையர் பத்தில் ஏழு பேர் மறுபக்கம் என்றன வாக்குச்சாவடி வாசல் கணிப்புகள். மேற்கு வர்ஜீனியாவில் 67-க்கு 26 என்று இல்லினாய் செனட்டர் நசுங்கினார். இனம் தங்கள் முடிவில் ஒரு காரணம் என்று வெளிப்படையாகவே சொன்ன வெள்ளை வாக்காளர்கள் அங்கே சுமார் ஐந்தில் ஒருவர். இதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் இதே வெள்ளையர் ஐடஹோவில், அயோவாவில், விஸ்கான்சினில் வேறு மாதிரி வாக்களித்தார்கள். ‘வெள்ளையர் வாக்கு’ என்ற ஒற்றைப் பட்டை இந்த இரண்டையும் கலந்து, எங்கேயும் இல்லாத ஒரு சராசரி மனிதரை உருவாக்குகிறது. காக்கஸ் முறை இரவு வேலைக்குப் போகிறவரையும் கைக்குழந்தைக்காரியையும் வெளியே நிறுத்துகிறது என்பதும் சரியான குறைதான். பின்னர் பல மாநிலங்கள் அதைக் கைவிட்டன.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. அன்று மொத்தப் பிரதிநிதிகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கக்கூடிய கட்சிப் பிரமுகர்கள்; ‘சூப்பர் டெலிகேட்’ என்று பெயர். ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் காதில் ஓதப்பட்டது ஒரே மந்திரம்: ‘ஒஹாயோவிலும் பென்சில்வேனியாவிலும் வெள்ளைத் தொழிலாளர் இவருக்கு வாக்களிக்கவில்லை. நவம்பரிலும் வாக்களிக்க மாட்டார்கள்.’ ஆதாரமாகக் காட்டப்பட்டவை அதே பட்டைகள். வாக்காளரின் மனதை அளக்க வந்த கருவி, வாக்காளரின் தீர்ப்பைத் திருத்தும் கருவியாக மாறும் இடம் இது. ‘நாங்கள் இனம் பார்க்க மாட்டோம், ஆனால் ஊர் பார்க்கும்’ என்று சொல்லி ஒருவரை ஒதுக்க, எண்களைவிடக் கண்ணியமான சாக்கு கிடைக்காது. நல்லவேளை, பிப்ரவரியில் இல்லினாய் செனட்டர் வரிசையாக ஜெயித்து எட்டிய முன்னிலையைப் பிரமுகர்கள் கவிழ்க்கத் துணியவில்லை. நவம்பரில் ஒஹாயோ, பென்சில்வேனியா இரண்டையும் அவர் வென்றார். 1964-க்குப் பிறகு கட்சி தொடாத இந்தியானாவையும் வர்ஜீனியாவையும்கூட வென்றார். மேற்கு வர்ஜீனியாவும் கென்டக்கியும் சொன்னபடியே கைவிட்டன. மந்திரம் பாதி பலித்தது. பலிக்காத பாதியில்தான் வெள்ளை மாளிகை இருந்தது. 2018-இல் கட்சி, போட்டி நிலவும் மாநாட்டின் முதல் சுற்றில் இந்தப் பிரமுகர்களின் வாக்கை நிறுத்திவைத்தது.

கணிப்பும் பிரதிநிதிக் கணக்கும் இப்படி விலகியது 2008-இன் விபத்து என்று நினைப்பவர்கள் 2016 மார்ச் 8-ஐப் புரட்டிப் பார்க்கட்டும். மிச்சிகனில் அதே முன்னாள் நியூயார்க் செனட்டருக்குக் கணிப்புகள் இருபது சதவீதத்தை ஒட்டிய முன்னிலை கொடுத்தன. வெர்மான்ட் செனட்டர் ஜெயித்தார். கணிப்பு உலகமே அதிர்ந்தது. அங்கே வென்றவருக்கு வந்த லாபம் 4 பிரதிநிதிகள். அதே நாளில் மிசிசிப்பியின் 36 பிரதிநிதிகளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தோற்றவர் பக்கம் போய்விட்டார்கள். எட்டு வருடம் முன்னால் அவரைக் கைவிட்ட கறுப்பின வாக்காளர்கள்தான் இந்த முறை அவரைத் தூக்கி நிறுத்தியவர்கள். எந்த வாக்கும் யாருடைய பட்டாவும் இல்லை.

அடுத்த அதிபர் தேர்தலின்போதும் வண்ணப் பட்டைகள் வரும். அவற்றைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டைக்குப் பின்னால் எத்தனை பேர்? இந்த மாநிலத்தில் பிரதிநிதிகளை எப்படிப் பிரிக்கிறார்கள்? பதில் இல்லாத செய்தியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடலாம்.