இரைப்பை இல்லாத மீன்

ரோகு, கட்லா, சாதாக்கெண்டை என எதை வாங்கி வந்து அறுத்தாலும் வளைந்து வளைந்து நீளும் குடல் கையில் வரும், இரைப்பை வராது. கெண்டை இனத்துக்கே அது கிடையாது. அதே அரிவாள்மனையில் கொடுவாவை வைத்துப் பாருங்கள். தடித்த பையாக இரைப்பை, அடுத்துக் குட்டையான குடல். இறைச்சி தின்னி அல்லவா!

கொடுவாவின் இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் சேர்ந்து புரதத்தின் முறுக்கைத் தளர்த்திவிடும். மிச்ச வேலைதான் குடலுக்கு. கெண்டைக்கு அந்த முதல் கட்டமே இல்லை. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்து விழுங்கிவிட்டு, டிரிப்சின் முதலான குடல் நொதிகளை நம்பியே காலம் தள்ளுகிறது. பாவம் என்று தோன்றும். ஆனால் மீன்தூளோ சோயாப் பிண்ணாக்கோ, பக்குவமாகத் தயாரித்திருந்தால் புரதத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் செரித்துவிடும். அமிலம் இல்லாத குறை வேறோர் இடத்தில் தெரிகிறது. மீன்தூளில் கலந்திருக்கும் எலும்பு கெண்டையின் குடலில் சரியாகக் கரையாது. அதிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி கழிவோடு குளத்துக்கே திரும்பிவிடும்.

பச்சைச் சோயாவில் டிரிப்சினையே முடக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பெப்சின் துணை இல்லாத கெண்டைக்கு இது கையைக் கட்டிப் போட்டதுபோல. சூடுபடுத்தினால் அது அழியும். அளவு மீறிச் சூடாக்கினாலோ லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு மீனுக்குப் பயன்படாமல் போகும். வறுவலில் பதம் தப்புவது போலத்தான்.

தீவன மூட்டையில் அச்சிட்டிருக்கும் புரதச் சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கட்சி. ஆய்வகம் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிச் சொல்லும் எண் அது. கோழி இறகுக்கும் அந்தக் கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் வரும். அழுத்த நீராவியில் வேகவைக்காத இறகை எந்த மீனின் குடலும் அசைக்காது.

செரித்த அளவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய தந்திரம் உண்டு. செரிக்கவே செரிக்காத குரோமிக் ஆக்சைடு என்ற பச்சைத் தூளைத் தீவனத்தில் அரை சதவீதம் கலக்கிறார்கள். உலர்ந்த கழிவில் அது 2 சதவீதமாக இருந்தால், தின்றதில் முக்கால் பங்கு உடலில் சேர்ந்துவிட்டது என்று பொருள். தீவனத்திலும் கழிவிலும் உள்ள புரதத்தையும் அளந்துவிட்டால், புரதத்துக்குத் தனிக் கணக்கு கிடைக்கும்.

செரித்ததெல்லாம் சதையாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கடலைப் பிண்ணாக்கு நன்றாகச் செரிக்கும். லைசினும் மெத்தியோனினும் அதில் குறைவு. சோயாவில் லைசின் உண்டு, மெத்தியோனின் போதாது. ஒன்று குறைந்தாலும் மற்ற அமினோ அமிலங்கள் சதை கட்ட உதவாமல் எரிக்கப்பட்டு, அவற்றின் நைட்ரஜன் அம்மோனியாவாகிச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. அதனால்தான் இரண்டு பிண்ணாக்கையும் கலந்து, கூடக் கொஞ்சம் மீன்தூளும் சேர்க்கிறார்கள்.