பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சு... இதைப் பேசினீங்களா?

விருத்தாசலம்னாலே பழமலைநாதர் கோயிலும் பீங்கான் பொம்மைகளும்தான் ஞாபகத்துக்கு வரும். அச்சிலிருந்து எடுத்த பொம்மையை ஈரத்தோடு சூளையில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். நன்றாகக் காயும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். கல்யாண விஷயத்தில் நமக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா? மண்டபம், புடவை, பந்தி என எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் தயாராகிறோம். தாம்பத்யத்துக்கு மட்டும், 'அதெல்லாம் தானா தெரிஞ்சுக்குவாங்க' என்று விட்டுவிடுகிறோம்.

ஜாதகத்தில் யோனிப் பொருத்தம் பார்க்கத் தயங்காத நாம், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூச்சப்படுகிறோம். கல்யாணம் நிச்சயமான ஜோடியா நீங்கள்? இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலிரவு பரீட்சை இல்லை

கல்யாண அலைச்சல், தூக்கமின்மை, பதற்றம்... இவற்றால் முதல் சில நாள்கள் ஆணுக்கு விறைப்பு சரியாக வராமல் போகலாம். அது ஆண்மைக்குறைவு இல்லை. பெண்ணுக்கு ரத்தம் வந்தே ஆகணும் என்பதும் தவறு, பலருக்கு வராது. கன்னித்தன்மையைக் கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனையும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே சந்தேகத்தில் தொடங்கிவிடக் கூடாது. வலி தொடர்ந்தால் பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள், சிகிச்சை இருக்கிறது. ஒருவர் 'இன்னிக்கு வேண்டாம்' என்றால், அன்றைக்கு வேண்டாம். அவ்வளவுதான்.

குழந்தை எப்போது?

உறவினர்கள் கேட்பதற்கு முன் நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள். தள்ளிப்போட நினைத்தால் ஆணுறை, மாத்திரை என எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் போடும் அவசர மாத்திரை, வழக்கமாகப் போடுவதற்கானது அல்ல. உடனே குழந்தை வேண்டுமென்றால், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தேவை.

பரிசோதனை சந்தேகம் அல்ல

ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ் ஆகியவை அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். 'என்னைச் சந்தேகப்படுறியா?' என்ற பேச்சுக்கே இடம் வேண்டாம். இருவரும் சேர்ந்து போங்கள். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு சட்டம். நேரில் போகத் தயக்கமா? 1097-க்கு இலவசமாகப் பேசலாம்.

பத்திரிகை கொடுக்க அலையும் நாள்களில், இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்களேன்!