இன்சுலினும் கொழுப்பு உயிரணுவும்

இன்சுலின் இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைக்கும் என்பது பலரும் அறிந்ததே. இஃது உண்மையேயாயினும் முழு உண்மையன்று. கணையத்தில் சுரக்கும் இவ்வியக்குநீர், உண்ட உணவை உடலில் சேமித்து வைக்கும் பணியையும் ஆற்றுகின்றது. அப்பணியைத் தெளிவாகக் காணத்தக்க இடம் கொழுப்பு உயிரணுவாகும்.

1964ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார் மார்ட்டின் ராட்பெல், எலியின் கொழுப்புத் திசுவை ஒரு நொதியிலிட்டு, உயிரணுக்களைப் பிணைத்திருந்த இழைகளைக் கரைத்தார். தனித்தனியே பிரிந்த கொழுப்பு உயிரணுக்கள் எண்ணெய்போல் மேலே மிதந்தன. அவற்றோடு குளுக்கோசும் இன்சுலினும் சேர்த்தபோது, அவை குளுக்கோசை மிகுதியாக ஏற்றுக் கொழுப்பாக மாற்றின. மூளை, நரம்பு, இரத்தம் ஆகியவற்றின் துணையின்றியே இன்சுலின் உயிரணுவை நேரே இயக்கவல்லது என்பது இதனால் விளங்கிற்று.

அவ்வியக்கம் மூவகைப்படும்.

முதலாவது, வாயில் திறத்தல். குளுக்கோசை உள்ளே கொணரும் புரதங்கள் உயிரணுவின் உட்புறத்தே ஒதுங்கிக் கிடக்கின்றன. இன்சுலின் வந்து தொட்டதும் அவை மேற்சவ்வை அடைந்து குளுக்கோசை உள்ளே விடுகின்றன. இதனை 1980இல் அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர்.

இரண்டாவது, கொழுப்பு ஆக்கல். மூன்று கொழுப்பு அமிலங்களும் ஒரு கிளிசராலும் சேர்ந்ததே கொழுப்பு. அமிலங்களை ஆக்கும் நொதிகளை இன்சுலின் ஊக்குகின்றது; இரத்தத்தில் வரும் கொழுப்பிலிருந்தும் அமிலங்களைப் பெறச் செய்கின்றது. சிதைந்த கொழுப்பின் கிளிசராலை இவ்வுயிரணு மீண்டும் பயன்படுத்துவது அரிது. ஆகவே, அப்பகுதியை ஆக்கவும் குளுக்கோசு பெரிதும் உதவுகின்றது.

மூன்றாவது, சிதைவைத் தடுத்தல். சேமித்த கொழுப்பு உடைந்து வெளியேறாமல் இன்சுலின் பூட்டி வைக்கின்றது. இதற்கு மிகச் சிறிதளவு இன்சுலினே போதும்.

எல்லா உயிர்களும் இதில் ஒருபடித்தானவை அல்ல. பன்றி தன் கொழுப்புத் திசுவிலேயே பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களை ஆக்குகின்றது. மாடும் ஆடும் அசைபோடும் இரைப்பையில் உண்டாகும் அசிட்டேட்டைக் கொண்டு ஆக்குகின்றன. கோழியிலும் மனிதரிலும் இவ்வேலையைப் பெரிதும் செய்வது கல்லீரலே. ஆகையால் எலியிற் கண்டதை அப்படியே மனிதர்க்கு உரைத்தல் பொருந்தாது. எனினும், சிதைவைத் தடுக்கும் பூட்டு மனிதர்க்கும் உண்டு.

அப்பூட்டுத் திறந்துவிட்டால் விளைவது யாது? கொழுப்பு கட்டின்றிச் சிதைகின்றது. அமிலங்கள் கல்லீரலை அடைந்து கீட்டோன்களாகின்றன. இரத்தம் அமிலத்தன்மை மிகுந்து உயிருக்கே இடர் நேர்கின்றது. 1921இல் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் முன்னர், இன்சுலின் சுரவாத சிறுவர்கள் எலும்புந்தோலுமாக மெலிந்து மாண்டனர்.

இன்றும் ஓர் ஆபத்தான எண்ணம் உண்டு. காய்ச்சலில் உணவு செல்லாதபோது, “உண்ணாதவனுக்கு ஊசி எதற்கு?” என்று இன்சுலினை நிறுத்திவிடுகின்றனர். உடல் பருக்குமென அஞ்சி நிறுத்துவோரும் உளர். உணவு நின்றாலும் கொழுப்புச் சிதைவு நிற்பதில்லை. இன்சுலின் சுரவாதவர்க்கு அளவை மாற்ற நேரலாம். அதனை மருத்துவரே கூறுதல் வேண்டும். முற்றாக நிறுத்துதல் கூடாது. இன்சுலின் சர்க்கரையைக் குறைக்கும் என்று கற்பிக்கும் ஆசிரியர், அது கொழுப்பையும் காக்கும் என்பதைச் சேர்த்துக் கற்பித்தால், அவ்வொரு வரி ஒரு மாணவனின் உயிரைக் காக்கவும் கூடும்.